தெருவில் நின்று கேட்பது



தமிழ்நாட்டில் வளரும் குழந்தை முதலில் அடையாளம் கண்டுகொள்கிற பறவை பெரும்பாலும் காகம்தான். இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ போய், "அதோ பாரு காக்கா" என்று காட்டுவோம். பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிற நேரத்தில் ஒரு வாய் சோற்றை ஊட்டிவிடுவோம். பேச்சு வராத வயதிலேயே பிள்ளை விரலை நீட்டி மதில்மேல் இருப்பதைக் காட்டும். அமாவாசையன்று பாட்டி இலையில் சோறு வைத்துவிட்டுக் காகம் வரும்வரை காத்திருப்பதைப் பார்க்கும். பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று, மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளைப் பரப்பிவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும். பறவையைக் காத்திருந்து பார்ப்பது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற பழக்கம். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அது அறுந்துபோகிறது. அதற்குப் பிறகு நாம் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் நடக்கிறோம். வேன் போய்விடும், டியூஷனுக்கு நேரமாகிவிட்டது, வேகமாக வா.

அறுந்த இடத்திலிருந்து அதைத் தொடர்வது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிள்ளையோடு தெருவில் நடக்கும்போது பறவைகளையும் மரங்களையும் பூச்சிகளையும் கவனிப்பதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். அதற்குப் பயிற்சி வேண்டும். நன்றாகவும் செய்யலாம், கெடுத்தும் வைக்கலாம். இந்தக் கலையில் கஷ்டமான பங்கு பெரியவர்களுடையது. அவர்கள் பேசாமல் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கோடம்பாக்கத்தில், பவர் ஹவுஸ் நிறுத்தத்துக்குப் பக்கம். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். உள்தெருக்களில் இரண்டு பக்கமும் வண்டிகள். நடைபாதை சில இடங்களில் இருக்கிறது, பல இடங்களில் இல்லை. இங்கே என்ன பறவை இருக்கப்போகிறது, பள்ளிக்கரணைக்குப் போ, வேடந்தாங்கலுக்குப் போ என்று சொல்பவர்கள் உண்டு. அங்கேயும் போகத்தான் வேண்டும். இரண்டும் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த நீர்நிலைகள். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற இடத்தைவிட, நாள்தோறும் கடக்கிற தெருவில்தான் இந்தக் கலை வளரும் என்று நான் நினைக்கிறேன். ஒரு கிளையில் நேற்று எதுவும் இல்லை என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் இன்று அங்கே ஒரு குச்சி கூடுதலாக இருப்பது தெரியும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கம் நீர்நிலையாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. அதன் அருகிலிருந்து புறப்படும் மாம்பலம் கால்வாய் தி. நகர் வழியாகப் போய் நந்தனம் பக்கம் அடையாற்றில் சேர்கிறது. அதில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல மனம் வராது. ஆனாலும் அதன் கரையில் மடையான் நிற்கும். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வோம். அசையாமல் நிற்கும்போது மண்ணும் சேறும் கலந்த நிறம். பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. சட்டென்று எழும்பினால் சிறகுகள் பால்வெள்ளை. என் மகன் முதலில் அதைப் பார்த்தபோது, "அம்மா, உள்ளே வேற பறவை இருந்துச்சு" என்றான். நான் திருத்தவில்லை. அடுத்தமுறை அது பறந்துபோய் இறங்கி மறுபடி பழுப்பாக மாறியதை அவனே பார்த்துக்கொண்டான்.

கட்டடங்கள் நெருங்கிய தெருவில் பறவை கண்ணில் படுவது குறைவு. இலைக்குள் இருக்கும், ஐந்தாவது மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் இருக்கும், ஏசி எந்திரத்தின் பின்னால் இருக்கும். ஆனால் காதுக்கு மறைவு கிடையாது. வானொலி கேட்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆறு மணிக்கு, வண்டிச் சத்தம் கூடுவதற்கு முன் வாசலில் வந்து நின்று, எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் காது நம் காதைவிடக் கூர்மையானது. நாம் இரண்டு என்போம், அவர்கள் ஐந்து என்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு குரல் கோடை தொடங்கும்போதே வந்துவிடும். டுக், டுக், டுக் என்று ஒரே அளவில், இடைவிடாமல், யாரோ செம்பைத் தட்டுவதுபோல ஒலிக்கும். செம்மார்புக் குக்குறுவான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். சத்தம் இடதுபக்கமிருந்து வருகிறது என்று திரும்பினால் வலதுபக்கம் கேட்கும். பல நாள் அதைத் தேடினோம். ஒருநாள் இலை உதிர்ந்த பாதாம் மரத்தின் உச்சியில் அகப்பட்டது. கூவும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தது. சத்தம் ஏன் இடம் மாறுகிறது என்று புரிந்துவிட்டது. யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். சொல்லாமல் விட்டதால் அது அவனுடைய கண்டுபிடிப்பு ஆயிற்று.

அணிலின் குரலையும் இதில் சேர்க்க வேண்டும். அணில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாலை உதறிக்கொண்டு விடாமல் கத்தினால், பக்கத்தில் பூனை இருக்கும், செம்பகம் இருக்கும், அல்லது வல்லூறு வந்து உட்கார்ந்திருக்கும். அணில் பார்க்கிற திசையில் நாமும் பார்த்தால் போதும். இதைப் பழகிய பிள்ளை கோடம்பாக்கத்தில் வல்லூறைப் பார்த்துவிடும். பழகாத பெரியவர் பல ஆண்டுகள் குடியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

இனி குயிலுக்கு வருகிறேன். அதன் கதை எங்கள் தெருவில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது, அதை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. மாசி கடைசியில் கூவத் தொடங்கும். குயில் கூவுகிறது என்றால் நமக்கு ஒரே கூவல்தான் நினைவுக்கு வரும். அது ஆண் குயிலுடையது. கருகருவென்ற உடல், ரத்தச் சிவப்புக் கண். பெண் குயில் பழுப்பு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அது கூவாது, கிக்கிக்கிக்கென்று படபடப்பாக ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் வேறு ஏதோ பறவை என்றுதான் பலரும் நினைப்பார்கள். பிள்ளைக்கு இந்த இரண்டு குரலும் பிரிந்து கேட்டுவிட்டால் மீதிக் கதை தானாகத் திறந்துகொள்ளும்.

சித்திரையில் காகங்கள் கூடு கட்டும். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தின் கவட்டையில் கட்டும். குச்சியோடு துணி மாட்டும் கம்பி, கேபிள் துண்டு எல்லாம் சேர்த்துக் கட்டும். கம்பியை வளைத்துச் செருகும் காகத்தை ஒரு பிள்ளை நின்று பார்க்க நேர்ந்தால் அதை எந்தப் பாடமும் மறக்கடிக்க முடியாது. கூடு தயாரானதும் ஆண் குயில் அந்த மரத்துக்கு வந்து தைரியமாகக் கூவும். காகங்கள் கோபத்தோடு துரத்திக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் பெண் குயில் கூட்டுக்குள் புகுந்து முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காக முட்டைக்குச் சில நாள் முன்னதாகவே பொரியும். ஆனால் நம் ஊர்க் குயில் குஞ்சு, ஐரோப்பியக் குயில் குஞ்சைப்போல, கூட்டிலிருக்கும் மற்றதைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இல்லை. இரண்டும் ஒன்றாக வளர்வது உண்டு. ஆனி, ஆடியில் பார்த்தால், மதில்மேல் ஒரு பருத்த குஞ்சு சிறகை நடுக்கிக்கொண்டு வாயைத் திறந்து கத்தும், காகம் ஓடி ஓடி ஊட்டும். அந்த வாய் காகத்தின் வாய் அல்ல என்று பிள்ளை கண்டுபிடிக்கிற நாள் வரும்.

அந்த நாளில் பிள்ளைகள் நியாயம் கேட்பார்கள். "குயில் கெட்டதா?" என்று என் மகன் கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது என் மாமியார், "அது கூடு கட்டத் தெரியாத ஜென்மம்டா, வேற என்ன செய்யும்?" என்றார். அறிவியலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. குயிலுக்குக் கூடு கட்டும் பழக்கம் இல்லை. அதன் குலம் பெரும்பாலும் காகத்தை நம்பித்தான் தழைக்கிறது. கெட்டது, நல்லது என்று தீர்ப்புச் சொல்லாமல், என்ன நடக்கிறது என்று மட்டும் பார்க்க ஒரு பிள்ளை பழகுமானால் அது பெரிய கல்வி என்று நான் நம்புகிறேன். பள்ளிகளில் இதற்கு இடம் மிகக் குறைவு.

அருகில் இருப்பதை இப்படிக் கூர்ந்து பார்த்த ஒருவர் நம் சென்னையிலேயே வாழ்ந்தார். மயிலாப்பூர் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். யானைகளைப் பற்றியும் காடுகளைப் பற்றியும் எழுதியவர் என்றுதான் அவரைப் பலரும் அறிவார்கள். ஆனால் 1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் எழுதிவந்த பத்தியைப் படித்தால், காகமும் அணிலும் ஓணானும் தேரையும் கொல்லைப்புறத்துக் கீரியும்தான் நிறைய வரும். நாற்பத்தாறு ஆண்டுகள், 1996இல் மறையும்வரை, அதை எழுதினார். அவரே வரைந்த படங்களும் அதில் வந்தன. எல்லோரும் பார்த்தும் பார்க்காமல் போகிறதைப் பார்த்து எழுதுவதில் அவருக்கு நிகராக இந்தியாவில் இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். தியடோர் பாஸ்கரனை எங்கள் கோடம்பாக்கத்துக்காரர்கள் தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதியவர் என்று அறிவார்கள். தபால் துறையில் உயர் பதவியில் இருந்துகொண்டே சினிமாவையும் பறவைகளையும் ஒரே அக்கறையோடு எழுதியவர் அவர். பிள்ளைக்குப் பத்து வயதானதும் இந்த இரண்டு பேரையும் உரக்க வாசித்துக் காட்டலாம்.

பெயர் சொல்லிக் கொடுப்பதா, வேண்டாமா என்று ஒரு விவாதம் உண்டு. அமெரிக்காவில் 'மௌன வசந்தம்' எழுதிய ரேச்சல் கார்சன், தன் உறவுக்காரச் சிறுவன் ரோஜருடன் மெய்ன் மாநிலத்துக் கடற்கரையிலும் காட்டிலும் நடந்த நடைகளைப் பற்றி 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்தபின் 1965இல் அது நூலாக வந்தது. பிள்ளைக்கு முதலில் வியப்பு வரட்டும், பெயரும் விவரமும் பிறகு வரும், எல்லாம் தெரிந்த பெரியவர் தேவையில்லை, உடன் வியக்கிற ஒரு பெரியவர் போதும் என்பது அவருடைய கருத்து. எனக்கு இதில் பெரும்பகுதி சம்மதம். எனக்குப் பறவையைப் பற்றி எதுவும் தெரியாதே என்று தயங்குகிற அம்மா அப்பாக்களுக்கு இது நல்ல ஆறுதல்.

ஆனால் பெயரைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. கார்சனின் ஊரில் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் பறவைப் பெயர் எளிதாகக் கிடைத்துவிடும். நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலில் படிக்கிற பெயர் ஒன்று, வீட்டில் வழங்குகிற பெயர் வேறு, பல சமயம் வீட்டில் பெயரே இல்லை. சின்னதாக இருந்தால் குருவி, வெள்ளையாக இருந்தால் கொக்கு. ரெட்டைவால் குருவி, வால்காக்கை, தையல்சிட்டு, பனை உழவாரன், தகைவிலான் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை தெருவில் வேறுவிதமாக நடக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் வீட்டைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்ப்போம் இல்லையா? அப்படித்தான். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி, க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' இதற்கு மிகவும் உதவும். தமிழில் இப்படி ஒரு கையேடு வந்தது பெரிய காரியம். பெயரைச் சொல்லும் நேரம்தான் முக்கியம். பிள்ளை பார்த்து, என்ன செய்கிறது என்று சொல்லி, வாலைப் பற்றியும் குரலைப் பற்றியும் பேசி முடித்த பிறகு பெயர் வந்தால் அது ஒட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு முன்பே பெயர் வந்தால், பார்ப்பது அங்கேயே நின்றுவிடும்.

கைப்பேசியில் 'மெர்லின்' என்றொரு செயலி இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் உருவாக்கியது. குரலைக் கேட்டே பறவையைச் சொல்லிவிடும். நல்ல கருவிதான். ஆனால் நடக்கும்போது அதைக் கையில் ஏந்தினால் பிள்ளை மரத்தைப் பார்க்காது, திரையைப் பார்க்கும். வீட்டுக்கு வந்தபின், கேட்டதைத் திரும்பச் சொல்லிப் பார்த்து, சந்தேகம் தீர்க்க அதைத் திறக்கலாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள் சிலர். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குத் தொந்தரவு. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து வேலையை விட்டுவிட்டு ஓடிவரும். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பதும் அப்படியே. தையல்சிட்டு இலைகளின் ஓரத்தைத் துளைத்து, நாரும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்த கூட்டை நாம் ஒருமுறை விலக்கிப் பார்த்தால், காகம் அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளும். இதைப் பிள்ளையிடம் காரணத்தோடு சொன்னால் நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கும்.

எல்லா வீட்டிலும் காலை நடைக்கு நேரம் இருக்காது என்பதை நான் மறக்கவில்லை. விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிற அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர். அவர்களில் ஒருவர் தன் பெண்ணோடு மாலையில் மாடியில் துணி எடுக்கும்போது பனை உழவாரன்களைப் பார்க்கிறார். பக்கத்துத் தென்னைகளைச் சுற்றி, பூச்சி பிடித்தபடி, தாழ்வாகவும் உயரவும் பறந்துகொண்டே இருக்கும். அவை ஏன் கம்பியில் உட்காருவதே இல்லை என்பது அந்தப் பெண்ணின் கேள்வி. அவற்றின் கால்கள் செங்குத்தான ஓலையைப் பற்றித் தொங்குவதற்கானவை, கம்பிமேல் உட்கார ஏற்றவை அல்ல. கேள்விக்குப் பதில் ஒரு மாதம் கழித்துத்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு மாதமும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துணி எடுக்கும் நேரம் போதும் இந்தக் கலைக்கு.

சேர்ந்து பார்க்க விரும்பினால் வழிகள் இருக்கின்றன. 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இன்றும் நடைகளுக்கு அழைத்துப் போகிறது. ஜனவரியிலிருந்து சில மாதங்கள், மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 1988 முதல் இதைச் செய்கிறார்கள். பொதுமக்களும் உடன் நடக்கலாம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். கனுவன்று மொட்டைமாடியில் சோற்று உருண்டை வைத்துவிட்டு நிற்கிற அந்தக் கால் மணி நேரமே இதற்குப் போதும். வந்த காகங்களில் கழுத்து சாம்பல் நிறமாக இருப்பவை எத்தனை, முழுக்கக் கறுத்த அண்டங்காக்கை எத்தனை என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.

இந்த உரையை ஐப்பசியில் கேட்கிறீர்கள் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து டிரஸ்ட்புரம் மைதானத்திலும், உங்கள் பகுதியில் எந்தத் திறந்தவெளி இருக்கிறதோ அங்கேயும், இப்போது தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். இதில் ஒரு வகை, காற்றோடு மாலத்தீவுக்குப் போய், அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்பதற்கான ஆதாரங்களை, மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009இல் வெளியிட்டார். வாலில் நூல் கட்டி விளையாட நினைக்கிற பிள்ளையிடம் இந்தப் பயணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, தெற்கே நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்துக்கு வருகிற பறவை. மைனாவைவிடச் சிறியது. குட்டை வால், பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. இரவில் பறந்து வரும்போது களைத்து, விளக்கிலும் கண்ணாடியிலும் குழம்பி, ஒவ்வொரு ஆண்டும் இந்த மாதங்களில் சென்னையின் பால்கனிகளிலும் மாடிப்படிகளிலும் விழுந்து கிடக்கும். கிளி என்று நினைத்துக் கூண்டில் அடைத்தவர்களும் உண்டு. அடைக்காதீர்கள்; நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து வைத்திருப்பது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், கிளியும் அதில் அடக்கம். காகமும் பூனையும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, மெல்லிய துணியால் எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத அறையில் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு வைக்க வேண்டாம், அது புழு பூச்சி தின்கிற பறவை. பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடிபடாத பறவை சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். பொழுது சாயும் நேரத்தில், செடிகள் அடர்ந்த இடத்தில், சுதந்திர தினப் பூங்கா போன்ற பூங்காவிலோ உங்கள் குடியிருப்பின் தோட்டத்திலோ, பெட்டியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். சிறகு தொங்கினாலோ எழுந்து நிற்க முடியாவிட்டாலோ தாமதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.